சாக்பீஸ் கட்டில்

காலையின் முதல் நடை படகை ஓட்டி முடித்து வந்த யாழரசி, முகம் கழுவிவிட்டுக் கூடத்துத் தரையில் சம்மணமிட்டாள். அவள் கணவன் தவசீலன் மாதிரி வினாத்தாளை எடுத்தான். ஒரு மாதமாக அவர்கள் வீட்டுக் காலைகள் இப்படித்தான்.

“வளைச்சாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புற குணத்துக்குப் பேரு?”

“மீட்சித்தன்மை. அடுத்தது கேளுங்க.”

“பதறாதே. எடுத்துக்காட்டு?”

“சுருள்வில். அடுத்தது.”

மிதவைக் கடலூரில் கரண்டியிலிருந்து கதவு வரை எல்லாவற்றையும் தெருமுனை வார்ப்பி இயந்திரம் செய்து தந்தது. பழையதைப் போட்டால் புதியது வரும். ஆனால் அத்தனையும் பொதுவடிவம். ஊராரின் உடலளவுகளைக் கூட்டி வகுத்து வார்ப்பியே தீர்மானித்தது. அதை ஒரு விரற்கடை மாற்றவும் யாருக்கும் அனுமதி இல்லை. யாழரசி குள்ளம். கவிழ்த்த மீன்கூடையின் மேல் நின்றுதான் படகின் சுக்கானைப் பிடிப்பாள். அலை அடித்தால் கூடை நழுவும். போன மழைக்காலத்தில் விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது.

இந்த ஆண்டுதான் நகரமன்றம் ஒரு வழி திறந்தது. வடிவமைப்பு, தொழில்நுட்ப எழுத்துத் தேர்வில் தேறுபவருக்கு வடிவுரிமை உண்டு. அவர் வரைந்ததை வார்ப்பி மறுபேச்சில்லாமல் செய்துதரும். தாளில் கையால் எழுத வேண்டும். எந்த அறிவியந்திரமும் துணைக்கு வராது. தேர்வு திங்கட்கிழமை. தவறவிட்டால் அடுத்த தேர்வு வரை இன்னும் ஐந்து வருஷம் கூடைதான். ஆனாலும் அவளுக்குப் பயத்தைவிடக் குதூகலமே அதிகம். சோறு கிண்டும்போதுகூடக் கரண்டிக் காம்பின் சாய்வை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

தவசீலன் கடைசி வினாவை வாசித்தான். “உம் வீட்டில் ஒருவருக்காக ஒரு பொருளை வடிவமைக்க. முதலில் அவரது சிரமத்தைக் கேட்டறிக.”

“அப்போ நீங்கதான். சொல்லுங்க, என்ன சிரமம்?”

“எனக்கா? ஒண்ணுமில்லையே.”

“யோசிங்க. இதுக்குத்தான் மார்க்கு அதிகம்.”

அவன் நிஜமாகவே யோசித்தான். எதையும் மறைக்கவில்லை. அப்படி ஒரு கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“சரி, கட்டில்ல படுங்க. பார்த்தே கண்டுபிடிக்கிறேன்.”

படுத்தான். நெடிய ஆள். முழங்கால்கள் தாமாகவே மடங்கின.

“காலை நீட்டுங்க.”

“நீட்டினா சட்டம் இடிக்குமே. எல்லாரும் மடக்கித்தானே படுக்கிறாங்க?”

“நான் நீட்டித்தான் படுக்கிறேன்.”

அவன் அவளை வியப்போடு பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் சுருண்டு தூங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். அது அவன் சுபாவம் என்றே நினைத்திருந்தாள்.

சாக்பீஸை எடுத்தாள். அவன் உயரத்தை அளந்து, ஒரு சாண் கூட்டி, கூடத்துத் தரையில் ஒரு கட்டிலை அதன் முழு அளவில் வரைந்தாள்.

“இதுக்குள்ள படுங்க.”

வெறுந்தரையில் படுத்துக் கால்களை நீட்டினான். பாதம் கோட்டைத் தொடவில்லை. இன்னும் நீட்டினான். முதுகில் எங்கோ சொடக்கு விழுந்தது. அப்புறம் அசையவே இல்லை.

“பிடிக்கலையா?”

“பேசாதே. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்.”

அவள் சாக்பீஸோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“யாழு, சட்டைக் கை பாதியிலேயே நின்னுடுது. அதுவும் சிரமந்தானா?”

“சிரமந்தான்.”

“வாசல்ல குனிஞ்சே வர்றது?”

“அதுவும்தான்.”

“அப்போ அந்த அடுப்பு மேடை...”

அவள் முழந்தாளிட்டு வரைந்துகொண்டே போனாள். கூடத்தில் இடம் தீர்ந்து கோடுகள் அடுக்களைக்குள் நுழைந்தன. “மெதுவாச் சொல்லுங்க, கை ஓட மாட்டேங்குது” என்றாள். அவன் மெதுவாகச் சொல்லும் நிலையில் இல்லை.