அஞ்செட்டி ரோட்டில் ஒரு ரிவர்ஸ்

பாம்... பாம்... பாம்!

ஒரு வளைவு விடாமல் ஹாரன். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் காட்டு ரோட்டில், முன்னால் போகிற அந்த பைக்காரனை நிறுத்தி நாலு கேள்வி கேட்காவிட்டால் பொற்கொடிக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. தூறல் வேறு. பின்னால் தட்டுத் தட்டாகத் தக்காளி நாற்று. அப்பா பொன்னுசாமியின் பிக்கப் வண்டியை அவள் தனியாக ஓட்டிவரும் முதல் லோடு இது. 'ஒரு கீறல் விழுந்தாலும் சாவி உங்கண்ணன் கைக்குப் போயிரும்' என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பியிருந்தாள்.

முந்திப்போய் வண்டியை நிறுத்தி இறங்கி, கையை நீட்டி அவனையும் நிறுத்தினாள்.

“ஏங்க, ரோடு உங்க சொத்தா? எதுக்கு இப்பிடி அடிக்கறீங்க?”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். இமையில் மழைத்துளி... பெரிய கண்கள்... திட்டுவதற்கு வைத்திருந்த அடுத்த வார்த்தை அவளுக்கு மறந்தே போனது. சே, என்ன இது!

“தப்புதாங்க. பேரு முத்துக்குமார், ஊரு சாத்தூரு. ஓசூர் கம்பெனியில சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். அங்க ஒவ்வொரு மூலைக்கும் ஹாரன் அடிக்கலைன்னா மெமோ குடுத்துருவாங்க. கை தானா அமுக்கிருது...”

“இங்க மெமோ குடுக்க சூப்பர்வைசர் வரமாட்டாரு. யானதான் வரும்!”

வந்தே விட்டது. எதிர் வளைவில் மூங்கில் முறிந்தது. ஒற்றை யானை, காதை விரித்துக்கொண்டு ரோட்டில் ஏறி நின்றது.

பொற்கொடி சீட்டுக்குத் தாவினாள். திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

முத்துக்குமார் ஜன்னலோரம் வந்து கிசுகிசுத்தான். “எறங்குங்க, நான் எடுக்குறேன். லோடோட ரிவர்ஸ்ல ஓட்டுறதுதாங்க என் வேலையே.”

“மாட்டேன்.”

“உசுருங்க...”

“இன்னிக்கு ஸ்டியரிங்க உட்டன்னா எனக்கு இனி எப்பவும் குடுக்கமாட்டாங்க. தள்ளுங்க!”

ஒரு கணம் அவளையே பார்த்தான். வழியில் நின்ற பைக்கை ஓரமாகத் தள்ளினான். அது பள்ளத்தில் சரிந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தினான்.

வா... வா... இடப்பக்கம் ஒடி... மெதுவாக... ஒரு சத்தம் இல்லை. கண்ணாடியில் அந்தக் கைகள் மட்டும். முன்னால் யானை ஓரடி வைத்தால் இவள் ஓரடி பின்வாங்கினாள். அந்தக் கைகளை நம்பினாள். பார்த்து அரைமணி நேரம்கூட ஆகாத ஒருவனை இப்படி நம்புவதா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அகலமான இடத்துக்கு வந்து நின்றபோது, யானை சலித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது. கிளம்ப மறுத்த பைக்கை இருவருமாக இழுத்துப் பிக்கப்பில் தட்டுகளுக்குப் பின்னால் ஏற்றினார்கள்; அவனும் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டான். அஞ்செட்டியில் நாற்றை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியெல்லாம் மழையும் கேலியும்தான்.

தேன்கனிக்கோட்டையில் பொன்னுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். யானை விஷயமும் கூட ஒருவன் இருந்ததும் அஞ்செட்டியிலிருந்து போனில் ஏற்கெனவே அவருக்கு வந்து சேர்ந்திருந்தது. முத்துக்குமாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நல்ல நேரத்துல நீங்க ஓட்டுனீங்க தம்பி. பொட்டப்புள்ள அந்த வளைவுல என்ன பண்ணியிருக்கும்?”

பொற்கொடியின் முகம் சிவந்தது. அவன் தலையாட்டினால் போதும், எல்லாம் போயிற்று.

“நான் ஓட்டலைங்க” என்றான் முத்துக்குமார். “குடுங்கன்னு கேட்டேன். யான எதுக்க நிக்கும்போதும் குடுக்கல. ஒரு கீறல் இல்லாம அவங்கதான் எடுத்தாங்க...” தயங்கினான். “அந்த நிமிசமே எனக்கு அவங்களப் பிடிச்சுப்போச்சு. தப்புன்னா திட்டிருங்க.”

சாவியை வாங்கி அண்ணனுக்குக் கொடுக்கப் பொன்னுசாமி நீட்டிய கையில், பொற்கொடி அதை வைக்கவில்லை. தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்பா, இனிமே அஞ்செட்டி லோடு எனக்குத்தான். அப்புறம்... எனக்கும் இவரப் பிடிச்சிருக்கு. உங்க முன்னாடியே சொல்லிட்டேன். எனக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது பாருங்க!”