அடங்காத சாடி

பனிக்கு ஓசை கிடையாது. காலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தும் வைக்கோல் கூரையில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஆனால் சமையல்கட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மால்சுனின் காதில், எங்கோ மெல்லத் தூறல் போடுவதுபோல ஒரு சடசடப்பு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தாள். சத்தம் மாட்டுக் கொட்டிலில், தரைப் பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

அரிசிக் கள் புளித்துப் பொங்கும்போது அப்படித்தான் பேசும். முதலில் அடைமழை, பிறகு தூறல், பிறகு இலைநுனிச் சொட்டு, கடைசியில் மௌனம். மௌனமாகிவிட்டால் கள் முடிந்தது என்று அர்த்தம். பலகைக்குக் கீழே குழியில் இருக்கும் சாடி காலையிலேயே அடங்கிப்போயிருந்தது. அவளே பலகையில் காதை வைத்துக் கேட்டிருந்தாள். அடங்கிய கள் மறுபடி பேசியதை அவள் பார்த்ததில்லை, யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை.

சோற்றுக்கே அரிசி இல்லாத காலம் என்று சொல்லி அரசாங்கம் வீட்டுக் கள்ளுக்குத் தடை போட்டதிலிருந்து, அந்த மலைக்கிராமத்தில் குழி தோண்டாத வீடு கிடையாது. கலால்காரனும் லேசுப்பட்டவன் இல்லை. இரும்புக் கம்பியை வைக்கோல் போரில் சொருகி உருவி, அதன் நுனியை முகர்ந்து பார்ப்பான். எங்கே சாடியை ஒளித்தாலும் அவனுக்கு மூக்கு வேர்த்துவிடும். ஊரே அவனை மூக்கன் என்றுதான் கூப்பிட்டது.

அந்த மூக்கன்தான் போன வாரம் அவள் கொட்டிலில் கம்பியைச் சொருகினான். ணங் என்று பலகை சொன்னது. அவன் சிரித்துக்கொண்டே பலகையைத் தூக்கிக் குனிந்தபோது, பின்னால் நின்ற அவள் புருஷன் தொக்சு, துணி அடிக்கும் கட்டையை ஓங்கினான். முதல் அடியில் மூக்கன் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தான். இரண்டாவது நெற்றியில் விழுந்தது. மூன்றாவதில் நெற்றி, வெந்த பூசணிபோல உள்ளே போனது. பசுவின் முகமெல்லாம் ரத்தம் தெறித்தது. அவன் தலைகீழாகக் குழிக்குள், சாடிக்குப் பக்கத்தில் விழுந்தான். விழுந்தும் சாகவில்லை. முனகினான்.

முடித்துவிடலாம் என்று இறங்கிய தொக்சு, பாதியிலேயே தலைசுற்றி, வாந்தியெடுத்தபடி மேலே ஏறிவந்தான். மால்சுன் பைன் சுள்ளி ஒன்றைக் கொளுத்திக் கம்பியில் கட்டி இறக்கினாள். சாடி வாயில் தீக்குச்சி காட்டிப் பார்க்கிற அதே வழக்கம்தான். அணைந்தால் கள் இன்னும் உயிரோடிருக்கிறது, எரிந்தால் முடிந்தது. சுள்ளி பாதிக் குழியிலேயே பொசுக்கென்று அணைந்தது. கள் விட்ட மூச்சு குழி முழுக்க நிறைந்திருந்தது.

"இறங்காதீங்க. உள்ள காத்தே இல்ல."

"முனகுறானேடி."

"முனகட்டும். பலகையைப் போடுங்க. மிச்சத்தைக் கள்ளு பாத்துக்கும்."

மால்சுனின் வாய்தான் அதைச் சொன்னது. அன்று முழுக்கப் பலகையின் அடியில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. அவள் அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளே மகள் யோங்கியை மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. கள் முடியாமல் குழியில் இறங்கினால் இறங்கியவனும் பிணம். பிணத்தை எடுக்காவிட்டால் இரண்டு பேருக்கும் தூக்கு.

சுற்றுச்சுவருக்கு அப்பால் தலையில் கூடையோடு பக்கத்து வீட்டுக்காரி கொப்தான் எட்டிப்பார்த்தாள்.

"யோங்கி அம்மா, விஷயம் தெரியுமா? மூக்கனைத் தேடிப் போலீஸ்காரங்க நாய்ங்களோட வந்திருக்காங்க. ஓடைக்கு அந்தாண்ட வீடு வீடாக் கிண்டுறாங்க. விளக்கு வைக்கிறதுக்குள்ள இங்க வந்துருவாங்களாம்."

"ஒத்த ஆளுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"எவ வீட்டுச் சாடியில விழுந்து கிடக்கானோ. ஊரான் கள்ளைக் கொட்டிக் கவுத்தவன், நல்லாக் குடிக்கட்டும்." கொப்தான் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனாள்.

மால்சுன் கொட்டிலுக்கு ஓடினாள்.

கொட்டிலில் தொக்சு ஏற்கெனவே பலகையை நகர்த்திக்கொண்டிருந்தான். பசு கயிறு இறுகும் மட்டும் மூலைக்குப் போய், சுவரோடு ஒட்டிக்கொண்டு கழிந்திருந்தது. குழியிலிருந்து புளித்த அரிசி வாசனையும் பேரிக்காய் வாசனையும் எழுந்தன. ஒரு வாரப் பிணத்தின் வாடை மட்டும் இல்லை.

"சத்தம் கேக்குதுங்க. இன்னும் முடியல."

"அடியில ஏதோ மிச்சம் பொங்குது. சுள்ளியை இறக்கு, நேரமில்ல."

இறக்கினாள். பாதிக் குழி தாண்டியது. சாடியின் வாய். சாடியின் வயிறு. தரை வரை போயும் சுடர் நேராக நின்று எரிந்தது.

"முடிஞ்சுடுச்சு, பாத்தியா," என்று தொக்சு பெருமூச்சு விட்டான்.

அவள் சுடரைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தாள். மூக்கனின் பூட்ஸ். வீட்டுக்குள் நுழைகிறவர்கள் படிக்கல்லில் கழற்றி வைப்பதுபோல, ஜோடியாக, ஒழுங்காக, நுனி வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தது. சுள்ளி எரிந்து தீர்ந்தது.

"இறங்காதீங்க. பூட்ஸைக் கழட்டி வெச்சிருக்கான்."

"செத்தவனாடி கழட்டுவான்? விழுந்ததுல கழண்டிருக்கும்." அவன் கயிற்றின் ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டினான். மறுமுனையை அவள் இடுப்பைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டான். "தூணு உளுத்துப்போச்சு, அதுல கட்ட முடியாது. நான் ஒருதரம் இழுத்தா பின்னால சாஞ்சு நில்லு. பொணத்தைக் கட்டிட்டுக் குரல் குடுக்கிறேன்."

அவன் தலை இருட்டுக்குள் போனது. ஏணி கிறீச்சிட்டது. காலடி வைக்கும் சத்தம்.

"இங்க இல்லையே," என்றான் கீழிருந்து. "எங்கடி போனான்..."

சாடியின் தூறல் நின்றது.

ஏதோ முறிந்தது. காய்ந்த விறகு இரண்டாக ஒடிவதுபோல. உடனே இன்னொன்று. கனமாக எதுவோ நீரில் முங்கியது. பிறகு மழை. அடைமழை.

"யோங்கி அப்பா?"

மழை மட்டும்.

தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பற்றியது. சுள்ளியைக் கம்பியில் கட்டி இறக்கினாள். அணைந்துவிடு என்று கெஞ்சினாள். அணைந்துவிடு, எதையும் காட்டாதே.

அது அணையவில்லை.

சாடியின் வாயிலிருந்து இரண்டு கால்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தொக்சுவின் கால்கள். அவன் தோள்கள் சாடி வாயைவிட அகலம். ஒடித்து மடக்கித்தான் நுழைத்திருக்க வேண்டும். கால்கள் உதைத்தன. வெள்ளைக் கள் சிவந்து விளிம்பில் வழிந்தது. உள்ளே அவன் மூச்சு குமிழி குமிழியாக வெடித்தது.

சாடியைக் கட்டிக்கொண்டு மூக்கன் குந்தியிருந்தான். வெறுங்கால். நெற்றி இருந்த இடத்தில் ஒரு பள்ளம். கண்ணை மூடி, சாடியின் வயிற்றில் காதை ஒட்டவைத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மழை தூறலானது.

கால்கள் துவண்டன.

ஒரு சொட்டு. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை.

மூக்கன் கண்ணைத் திறந்தான். சரிதான் என்பதுபோலத் தலையாட்டினான். அண்ணாந்து அவளைப் பார்த்தபடியே, தொக்சுவின் இடுப்பிலிருந்து மேலே அவள் இடுப்புக்குப் போன கயிற்றைப் பிடித்து, கைக்குக் கை மாற்றி, நிதானமாகச் சுருட்டத் தொடங்கினான்.