மலாக்காவில் பிடித்த மழை

"ஏண்டி, அந்த ஆளு என்ன, போர்த்துகீசியக்காரன் கோட்டை கட்டுனப்பவே நட்டுட்டுப் போன தூணா? நகரவே மாட்டேங்குறாரே..."

ரெங்கா இதைச் சத்தமாகவேதான் சொன்னாள். மலேசியாவில் தமிழ் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள் என்பது அந்த நிமிடம் அவளுக்கு மறந்துவிட்டது. மலாக்காக் கோட்டையில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கல்வாசல்தான். அதற்கு நட்டநடுவே, மஞ்சள் மழைக்கோட்டோடு ஒரு நெடியவன் நின்றுகொண்டிருந்தான். ஜெஸ்லினும் ரேஷ்மாவும் படத்துக்குத் தயாராக நின்று நின்று சலித்துப்போயிருந்தார்கள்.

நெடியவன் திரும்பினான். இரண்டடி நகர்ந்தான்.

"தூண் நகர்ந்துடுச்சுங்க. படம் எடுத்துக்கங்க."

ரெங்காவுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"நீங்க... தமிழா?"

"தமிழ் மட்டுமில்லீங்க, திருச்சி. திட்டும்போதுகூட மரியாதை குறையாம திட்டினீங்க பாருங்க, அப்பவே நெனச்சேன், நம்ம ஊர்தான்னு."

சிரித்தான். இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்ததும் அவள் அவசரமாகக் கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்று பெண்களும் கல்லூரித் தோழிகள். அடுத்த மாதம் ஜெஸ்லினுக்குக் கல்யாணம். அதற்கு முன் மூன்றே நாள் ஊர் சுற்றலாம் என்று திருச்சியிலிருந்து விமானம் ஏறியிருந்தார்கள். அவனும் ஆசீர் என்ற நண்பனோடு அதே மாதிரி வந்தவன்தான்.

"என்னைய எல்லாரும் மலைன்னு கூப்பிடுவாங்க" என்றான்.

"மலேசியாவுக்கு வந்த மலையா? நான் ரெங்கா."

ஐந்து பேரும் சேர்ந்து குன்றின் மேலிருந்த பழைய தேவாலயத்துக்கு ஏறினார்கள். கூரையில்லாத சுவர்கள்... உள்ளே வரிசையாகச் சாய்த்து வைத்த கல்லறைப் பலகைகள்... தூரத்தில் சாம்பல் நிறக் கடல். ஆசீர் விளக்கம் சொல்லிக்கொண்டே போக, மலை மெதுவாக அவளிடம், "அவன் சொல்றதுல பாதி இப்பத்தான் போன்ல படிச்சது. மீதி அதுலயும் கிடையாது" என்றான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று? திருச்சி தில்லைநகரில் அவள் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில் காலையிலிருந்து இரவு வரை மற்றவர்களின் முட்டிவலியும் முதுகுவலியுமே அவள் உலகம்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தெரு தெரியாத மழை. கைக்குழந்தையோடு ஒரு சீனப் பெண் படிக்கட்டில் திணறிக்கொண்டிருந்தாள். மலை தன் மழைக்கோட்டைக் கழற்றி அந்தக் குழந்தைமேல் போர்த்திவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டு வந்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரெங்காவின் மனதுக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் இடம் மாறி உட்கார்ந்தது.

கீழே ஒரு கடையில் ஒதுங்கியபோதுதான் அவள் தோள்பையைத் தடவிப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட் பௌச்சைக் காணும்டி..."

நாளைக் காலையில் விமானம். ரேஷ்மாவின் முகம் வெளுத்துவிட்டது. மேலே, படமெடுக்கும்போது சுவர் மாடத்தில் வைத்ததாக ரெங்காவுக்குப் புகைபோல ஞாபகம். அவள் எழுவதற்குள் மலை மழைக்குள் இறங்கி ஓடியிருந்தான்.

இருபது நிமிடம். இருபது வருஷம்.

திரும்பி வந்தவன் கையில் பௌச் இருந்தது. முகத்தில்தான் சிரிப்பு இல்லை.

"உங்களுதுதானான்னு திறந்து பாத்தேன். ரெங்கநாயகி ரத்தினவேல்... ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் ரோடு."

"ஆமாங்க. ரொம்ப தேங்க்ஸ்ங்க, நான் மட்டும்..."

"பத்திரமா வச்சுக்கங்க."

அவ்வளவுதான். ஆசீரை இழுத்துக்கொண்டு போய்விட்டான். அவள் நீட்டிய கை நன்றி சொல்ல ஆளில்லாமல் அப்படியே நின்றது.

மறுநாள் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அவர்களும் அதே வரிசையில் நின்றார்கள். மலை அவள் பக்கம் திரும்பவே இல்லை. காபி வாங்கப் போன ஆசீரை அவள் மடக்கினாள்.

"உங்க ஃப்ரெண்டுக்கு என்ன ஆச்சு? நான் எதும் தப்பாப் பேசிட்டேனா?"

ஆசீர் தயங்கினான். "நேத்து இல்லீங்க... ஆறு மாசத்துக்கு முன்னாடி. அவன் முழுப்பேரு வீரமலை. ஊரு ஜீயபுரம்."

அந்தப் பேரும் ஊரும் ரெங்காவுக்கு உடனே ஞாபகம் வந்தன.

தரகர் செல்லக்கண்ணு கொண்டுவந்த ஜாதகம். ஜீயபுரம், பத்து ஏக்கர் வாழை, பையன் விவசாயப் பட்டதாரி. போட்டோவைக்கூட உறையிலிருந்து எடுக்காமல் அவள் சொன்னாள்: "வீரமலையா? இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா தெருவே சிரிக்கும். வாழத்தோப்புக்குக் காவல் பொம்மையா நிக்க வேற ஆளைப் பாக்கச் சொல்லுங்க." கிளினிக்குக்குக் கிளம்பும் அவசரத்தில் விளையாட்டாகச் சொன்னது. தரகர் ஒரு எழுத்துக் குறையாமல் அங்கே போய் ஒப்பித்திருக்கிறார்.

"அவன் அம்மா அன்னிக்குச் சாப்பிடலைங்க" என்றான் ஆசீர்.

விமானத்தில் நான்கு மணி நேரமும், ஆறு வரிசைக்கு முன்னால் தெரிந்த அந்தத் தலையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எழுந்து போய்ப் பேசக் கால் வரவில்லை. போட்டோவைப் பார்க்கவில்லை, சரி. மனுஷரைப் பார்த்த பிறகும் வாய் திறக்காமல் இருக்கிறேனே...

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஜீயபுரம் போய்ப் பேசச் சொன்னாள். ரத்தினவேல் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் தலை குனிந்து பழக்கமில்லாதவர்.

"வேணாம்னு சொன்ன வீட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயி நிக்கிறது? அதுவும் நீ சொன்ன வார்த்தைக்கு... என்னால ஆகாதும்மா."

"சொன்னது நான்தானேப்பா. நானே போறேன்."

அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினாள். காவிரியோரமாகவே போன பஸ் ஜீயபுரத்தில் இறக்கிவிட்டபோது வானம் கருத்திருந்தது. வழி கேட்டு அந்த வீட்டை அடைந்தாள். வாசலில் பூவன் வாழைத்தார் ஒன்றைச் சீப்புச் சீப்பாக அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். மயிலம்மாள். மகனின் அதே கண்கள்.

"நான் ஸ்ரீரங்கத்துலேந்து வரேம்மா. ரத்தினவேல் பொண்ணு, ரெங்கநாயகி. நான் பேசுனது ரொம்பத் தப்பு. உங்ககிட்டதான் மொதல்ல மன்னிப்புக் கேக்கணும்னு..."

மயிலம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தவர் கையில் சொம்பு இருந்தது.

"மொதல்ல தண்ணி குடி. பஸ்ஸுல நின்னுக்கிட்டேதான வந்திருப்ப?" குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "கோவம் இருந்துச்சுதான். இல்லேங்கல. அதுக்காக வீடு தேடி வந்த புள்ளைய வெரட்டவா முடியும்? அவன் தோப்புல முட்டுக் குடுக்குறான். போயி அவன்கிட்டயும் சொல்லிடு, மனசு லேசாயிடும்."

காற்றில் வாழையிலைகள் படபடவென்று அடித்துக்கொண்டன. சாய்ந்த மரமொன்றுக்குச் சவுக்குக் கம்பை அண்டை கொடுத்துக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் அப்படியே நின்றான்.

"கம்பை விட்டுடாதீங்க, மரம் விழுந்துடும்" என்றாள் அவள்.

"நீங்க எங்க இங்க?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்கம்மாகிட்ட கேட்டுட்டேன். இப்ப உங்ககிட்ட..."

"ஆசீர் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கலையா? பரவால்லீங்க. போகட்டும்."

"போகட்டும்னா நான் போயிடுவேனே..."

அவன் கம்பை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தான். முதல் துளிகள் இலைமேல் விழுந்தன.

"மன்னிப்புக்கு மட்டும் வரலைங்க" என்றாள் ரெங்கா. "மலாக்காவுல அந்தக் குன்றுலேந்து இறங்குறப்பவே எனக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சு. உங்க பேரு, ஊரு, தொழிலு எதுவும் தெரியாதப்போ. இப்ப எல்லாம் தெரிஞ்சும் அதேதான். நீங்க வேணாம்னு சொன்னா அது நியாயம். கேட்டுக்கிட்டுப் போறேன்."

வீரமலை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஊருக்கு வந்த மறுநாளே தரகர் வீட்டுக்குப் போனேன். அந்த ஸ்ரீரங்கத்துப் பொண்ணுக்கு இடம் முடிஞ்சிடுச்சான்னு கேட்டேன். இல்லைன்னார். அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

"அப்புறம் ஏன் வரலை?"

"ரெண்டு தடவ அம்மா மண்டபம் வரைக்கும் வந்தேங்க. மறுபடியும் வேணாம்னுட்டீங்கன்னா... அதைத் தாங்க முடியாதுன்னு திரும்பிட்டேன்." இப்போது நிமிர்ந்து பார்த்தான். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவள் கைப்பையில் போன் அடித்தது. அப்பா. எடுத்துக் காதில் வைத்தாள். இலைகளின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் மெல்லக் கேட்டது.

"என்னம்மா... ஏத்துக்கிட்டாங்களா?"

"ஏத்துக்கிட்டாங்கப்பா."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு.

"அப்ப, நானும் உங்கம்மாவும் என்னிக்கு வந்தா அவங்களுக்குத் தோதுப்படும்னு கேட்டுட்டு வா."

போனைக் கையில் பிடித்தபடியே ரெங்கா அழுதாள். அழுதுகொண்டே, அவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.