ஐந்தாம் நாற்காலித் தேநீர்

காலை 9.20. ஜூரி அறையின் கதவை உள்ளேயிருந்து யாரோ படபடவென்று தட்டினார்கள்.

பன்னிரண்டு பேரும் ஒத்துப்போய்த் தீர்ப்பு முடிவானால் ஒரு தட்டு, ஏதாவது வேண்டுமென்றால் இரண்டு தட்டு என்று ஆர்டிஸ் லோக்கன் சொல்லி வைத்திருந்தார். இது எந்தக் கணக்கிலும் சேராத தட்டல். ஆர்டிஸ் சாவியைப் போட்டுத் திறந்தார்.

பதினொரு பேர் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். பன்னிரண்டாவது ஆளான மிஸ்ஸஸ் வெர்டெல் ஹாகன், ஐந்தாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசைமேல் சாய்ந்து கிடந்தார். பக்கத்தில் அவருடைய சிவப்பு பிளாஸ்க். மூச்சு இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கியும் கண் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் போன அரை மணியில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தூக்க மாத்திரை. பிளாஸ்க் தேநீரின் அடியிலும் அதன் துகள். இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் எழுந்திருக்கவே மாட்டார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் நாளை வரைக்கும் பேச மாட்டார்.

ஜூரிகளைப் பூட்டிக் காப்பதுதான் கோர்ட் காவலர் ஆர்டிஸின் வேலை. அந்த வடக்கு டகோட்டா ஊரில் அவருக்குப் பட்டப்பெயரே 'பூட்டு'. தன் பூட்டுக்குள் இருந்த ஒருவரை யாரோ மயக்கிப் போட்டிருக்கிறார்கள் என்றதும் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீதிபதி ஆஸ்கார்ட் வளவளவென்று பேசுகிற ஆளில்லை.

"மதியத்துக்குள்ள யாருன்னு தெரியணும் ஆர்டிஸ். தெரியலேன்னா இந்த ஜூரியைக் கலைச்சுருவேன். மறுபடி விசாரணை வசந்தத்துலதான்."

"அப்போ அந்தப் பொண்ணு?"

"ஜெயில்லதான் இருக்கணும்."

அந்தப் பெண் கெய்லா ருண்டுக்கு இருபத்திரண்டு வயது. தானியக் கிடங்குக்குத் தீ வைத்ததாக வழக்கு. ஜாமீன் கட்ட ஆளில்லாமல் பிப்ரவரியிலிருந்து உள்ளே இருக்கிறாள். இப்போது அக்டோபர்.

"இன்னொண்ணு," என்றார் நீதிபதி. "யாரை வேணா விசாரி. ஆனா ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. யார் எந்தப் பக்கம்னு உனக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது."

கையைக் கட்டிப்போட்டு நீந்தச் சொன்ன மாதிரி இருந்தது ஆர்டிஸுக்கு.

ஷெரிப் ஆபீஸ் துப்பறிவாளர் நைக்விஸ்டுக்கு அந்தக் கவலையே இல்லை. குற்றவாளியைத் தயாராகக் கையில் வைத்திருந்தார்.

"மாற்று ஜூரர் ரெண்டு பேர்ல ஒருத்தன், ட்ராய் செலாண்ட். விசாரணை முழுக்க உக்காந்து கேட்டுட்டு, கடைசியில ஓட்டு இல்லேன்னு வெளிய நிறுத்திட்டீங்க. கடுப்புல இருக்கான். இன்னைக்குக் காலையில கிழவியோட பையைப் படியேறித் தூக்கிட்டு வந்தது அவன்தான். ஒருத்தரைப் படுக்க வெச்சா நாற்காலி அவனுக்கு. வேறென்ன வேணும்?"

"பையில பிளாஸ்க் காலியாத்தான் வரும்," என்றார் ஆர்டிஸ். "தினமும் பாக்கறேனே. ஜூரி அறையில சோப்பு போட்டுக் கழுவி, அங்க இருக்கற கெட்டில்ல தண்ணி கொதிக்க வெச்சு, அங்க இருக்கற டீத்தூளைத்தான் போடுவாங்க. பத்து நிமிஷம் ஊறணும். அதுவரைக்கும் மூடியைத் திறந்து அலமாரியில வெச்சுட்டு, ஜன்னல்கிட்ட போய் ஸ்வெட்டர் பின்னுவாங்க. மாத்திரை விழுந்தது அப்போதான். அந்த நேரத்துல ட்ராய் வெளிய என் கண்ணு முன்னாடி டோனட் தின்னுட்டிருந்தான்."

"அப்போ?"

"உள்ள இருக்கற பதினொரு பேர்ல ஒருத்தர்."

10.15. ஆர்டிஸ் உள்ளே போனார். பதினொரு முகங்களும் திரும்பின.

"மிஸ்ஸஸ் ஹாகன் பொழைச்சுட்டாங்க. இன்னைக்கு வர முடியாது. மாற்று ஜூரர் வருவாரு."

ஜூரிக்குத் தலைவியாக இருந்த அழகு நிலையக்காரி பெக்கி ஸ்ட்ரோம் தலையில் கை வைத்தாள். "தெரிஞ்சதுதானே! மறுபடி அ-னா ஆவன்னாலேர்ந்து. வெர்டெல் கண்ணைத் திறந்ததும் நான் போய் திட்டப் போறேன், பாவம்."

ஓய்வுபெற்ற பாதிரியார், மாட்டிக்கொண்ட கோட்டைப் பெருமூச்சோடு கழற்றினார். ஒன்பதாம் நாற்காலியில் ட்வைட் கெசல் மட்டும் எழுந்தே விட்டார். சர்க்கரை பீட்ரூட் விவசாயி. பூட்ஸில் இன்னும் ஈரச் சேறு.

"எதுக்கு இன்னொரு ஆளு? பதினொரு பேரு போதாதா?"

"உனக்கு பீட்ரூட், எனக்குத் தலைச்சாயம்," என்றாள் பெக்கி. "எல்லாருக்கும்தான் வேலை கெடக்கு. உக்காரு ட்வைட். ராத்திரியெல்லாம் வயல்ல, பகலெல்லாம் இங்க. நீ எப்போதான் தூங்கற?"

"கோர்ட்டு விட்டதும் சாயங்காலம் ரெண்டு மணி நேரம். தானா வராது, வரவழைக்கணும்."

ஆர்டிஸ் ஒவ்வொருவரையும் தனித்தனியே தாழ்வாரத்துக்கு அழைத்தார். அலமாரிப் பக்கம் யார் போனது? எல்லோரும் போயிருந்தார்கள், காபி அங்கேதான் இருந்தது. யாருக்கு அவசரம்? எல்லோருக்கும். பெக்கியின் கடை மூடிக் கிடந்தது. பாதிரியாரின் மனைவிக்கு இடுப்பு ஆபரேஷன். ஜூரிக்குக் கொடுக்கிற தினப்படி காருக்குப் பெட்ரோல் போடக்கூடக் காணாது என்று பதினொரு பேரும் ஒரே குரலில் புலம்பினார்கள்.

11.20. ஆர்டிஸ் தாழ்வார ஜன்னலில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார். கீழே ஒரு லாரி பீட்ரூட்டைக் குவியலாக ஏற்றிக்கொண்டு ஆலைப் பக்கம் போனது. உறைபனி இறங்குவதற்குள் ராப்பகலாகத் தோண்டிவிட வேண்டும். இறங்கிவிட்டால் வயலிலேயே அழுகும்.

லாரியின் சக்கரம் நெடுக ஈரச் சேறு. அதே சேற்றைப் போன திங்கட்கிழமை கோர்ட் கம்பளத்திலும் பார்த்தது ஆர்டிஸுக்கு ஞாபகம் வந்தது. ஜூரிக்கு அழைக்கப்பட்ட அத்தனை பேருக்கும் அவர் அரை மணி நேரம் விதிமுறைகளைச் சொல்லி முடித்தபோது, மூச்சிரைக்க ஓடிவந்தவர் ட்வைட். அவர் சட்டையில் ஜூரர் வில்லையை ஒட்டி உள்ளே தள்ளிவிட்டதும் தன் கைதான். 'சொன்னதையே திரும்பச் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா' என்று முணுமுணுத்ததும் தன் வாய்தான்.

ஆர்டிஸ் நைக்விஸ்டைத் தேடிப் போனார். "ட்வைட்டோட வண்டியைப் பாருங்க. தூக்க மாத்திரை இருக்கும்."

11.45. ஜூரி அறை. வாசலில் நைக்விஸ்ட், கையில் மாத்திரை டப்பா.

"இங்க எல்லாருக்கும் வீட்டுக்குப் போகணும்," என்றார் ஆர்டிஸ். "அதனாலயே பத்து பேரு இதைச் செஞ்சிருக்க மாட்டீங்க. ஒருத்தர் படுத்தா மாற்று ஆள் வருவாரு, மொத்தப் பேச்சும் முதல்லேர்ந்து தொடங்கணும்னு முதல் நாளே சொன்னேன். முதல்லேர்ந்துன்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே பெக்கி அ-னா ஆவன்னான்னா. பாதிரியார் கோட்டைக் கழட்டினாரு. ஒருத்தர் மட்டும்தான் பதினொரு பேரு போதாதான்னு கேட்டாரு."

ஆர்டிஸ் ஒன்பதாம் நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"நான் அதைச் சொன்னப்போ நீங்க வந்திருக்கல. மாற்று ஆளுங்க ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு நெனச்சீங்க ட்வைட். நீங்க எல்லாம் இந்த அறைக்குள்ள வந்த பிறகுதான் ஜட்ஜ் அவங்களைக் காத்திருக்கச் சொன்னாரு. ஒருத்தர் கொறைஞ்சா மிச்சம் இருக்கறவங்க முடிச்சுட்டுக் கெளம்பலாம்னு கணக்குப் போட்டீங்க."

ட்வைட் உட்கார்ந்தார். "தூங்கட்டும்னுதான் போட்டேன். கொல்ல இல்ல, சத்தியமா. ராத்திரி உறைபனின்னு ரேடியோவுல சொல்றான், முக்கால்வாசி இன்னும் மண்ணுக்குள்ள. அவங்க ஒருத்தங்க மட்டும் எவ்வளவு சொன்னாலும்..."

"நிறுத்துங்க!" ஆர்டிஸ் போட்ட சத்தத்தில் நைக்விஸ்டே திடுக்கிட்டார். "ஓட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. வெளிய ரெண்டு மாற்று ஆளுங்க நிக்கறாங்க, காலியான ரெண்டு நாற்காலிக்கும் சரியாப் போச்சு. அந்தப் பொண்ணோட கேஸு கலையாது. அதைக் கெடுத்துராதீங்க."

ட்வைட் வாயை மூடிக்கொண்டார். கோபம் வடிந்த ஆர்டிஸ் அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க ஏன் லேட்டு?"

"விடியற வரைக்கும் லாரி ஓட்டினேன்."

"நான் முதல்ல என்ன சொன்னேன் தெரியுமா? அறுவடை இருக்கறவங்க கையைத் தூக்குங்க, ஜட்ஜ் குளிர்காலத்துக்குத் தள்ளிப் போடுவாருன்னேன். மூணு பேரு தூக்கினாங்க. அப்பவே வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

ட்வைட் நிமிர்ந்தார். "கையைத் தூக்கினா போதுமா?"

"போதும். நானாவது உங்ககிட்ட திரும்பச் சொல்லியிருக்கணும்."

நைக்விஸ்ட் விலங்கை எடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே ட்வைட் கையைத் தூக்கி நீட்டினார்.