குறுக்கு வரிகள்

துறைமுகத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹெஸ்டர் ஓடிக்கொண்டிருந்தாள். தபால் பை கப்பலேற இன்னும் ஐந்தே நிமிடம்...

மோதினாள்!

தொப்பி ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம்.

"கண்ணை எங்கே வெச்சுக்கிட்டு நடக்கறீங்க?"

"இப்பத்தான் கப்பலை விட்டு இறங்கினேன். இன்னும் எங்கேயும் வைக்கலை..." என்றவன் அவளைப் பார்த்தான். "இப்ப வெச்சுட்டேன்."

சாம்பல் நிறக் கண்கள்... சிரித்தால் ஓரத்தில் மட்டும் வெயில் அடிக்கும் கண்கள். கவனிக்கவே கூடாது என்று ஹெஸ்டர் தனக்கே உத்தரவு போட்டாள். யார் கேட்டது!

அவன் சேற்றிலிருந்து கடிதத்தை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தான். முகவரியைப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அட, இது பாத் நகரத்துல இருக்கற எங்க அம்மாவுக்குத்தானே? நான் ஜாஸ்பர். உங்க அத்தை மகன்."

ஹெஸ்டருக்கு மழையிலும் வியர்த்தது. ஐயோ... மாளிகை!

ஹோபார்ட் துறைமுகத்துக்கு வெளியே ஹெஸ்டருக்கும் அம்மாவுக்கும் ஓர் ஆட்டுப் பண்ணையும் நாலு அறை வீடும் இருந்தன. பதினெட்டு அறை மாளிகை கடிதத்தில் மட்டுமே இருந்தது. மாதம் ஒரு முறை அம்மா, திருமதி அகஸ்டா வின்யார்ட், நாற்காலியில் சாய்ந்தபடி சொல்ல, ஹெஸ்டர் எழுதுவாள். முட்டைக்கோஸைத் தின்ன வரும் குட்டிக் கங்காருகள் 'பூங்காவில் துள்ளும் மான்கள்' ஆகும். கூரை ஒழுகுவது 'கூடத்து நீரூற்று' ஆகும். பட்லர் டோபியாஸ் 'லண்டனின் உயர்ந்த இல்லங்களை உள்ளும் புறமும் அறிந்தவர்'. அறிந்தது உண்மைதான், ஜன்னல் வழியாக. அதற்காகத்தான் அரசாங்கம் அவரைக் கைதியாக்கி, இலவசமாகக் கப்பலேற்றி இங்கே அனுப்பியிருந்தது.

எடைக்குத்தான் தபால் கட்டணம். அதனால் எழுதி முடித்த தாளையே பக்கவாட்டில் திருப்பி, வரிகளின் மேல் குறுக்காகவும் எழுதுவது பெரிய வீட்டு வழக்கம். "குறுக்கே மழை, வெயில்னு ஏதாவது எழுதி நிரப்பிடுடி" என்று சொல்லிவிட்டு அம்மா தூங்கிப்போவாள். அம்மாவுக்குக் குறுக்கு வரி கண்ணுக்குத் தெரியாது. அத்தையும் படிப்பதில்லையாம். ஆகவே ஹெஸ்டர் அங்கே மனதில் பட்டதையெல்லாம் எழுதினாள்... ஐந்து வருடமாக!

"வீட்டுக்கு வர முடியாது. எல்லாருக்கும் அம்மை" என்றாள் இப்போது.

"பதினெட்டு அறையிலயுமா?"

வேறு வழியில்லாமல் அவனை ஆடு ஏற்றும் வண்டியில் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் அவன் சாதாரணமாகக் கேட்டான்: "டியூக்குக்குக் கால் சரியாயிடுச்சா?"

டியூக் அவளுடைய நொண்டிக் கிடா. இவனுக்கு எப்படி...? கேட்பதற்குள் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது.

வீட்டில் அம்மா பட்டுச் சால்வையோடு எழுந்து நின்றாள். டோபியாஸ் தேநீர் கொண்டுவந்தார். கூரையிலிருந்து வாளிக்குள் 'டொக்'.

"நீரூற்று நல்லா வேலை செய்யுது மாமி" என்றான் ஜாஸ்பர் பணிவாக.

ஹெஸ்டருக்குக் காது வரை சிவந்தது. சிரிக்கத்தான் வந்திருக்கிறான்! பாத் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்...

"போதும்!" சட்டென்று எழுந்தாள். "இங்கே மாளிகையும் இல்லை, மானும் இல்லை. எல்லாத்தையும் எழுதினது என் கை. அடுத்த கப்பல்லயே போயிடுங்க!"

"ஹெஸ்டர்!" அம்மா கிண்ணத்தை டக்கென்று கீழே வைத்தாள். "தம்பி, இவளுக்குக் காய்ச்சல்..."

"போறதுன்னா போறேன். முதல்ல எங்கம்மா கடிதத்தைப் படிச்சுடுங்க" என்று, கொண்டுவந்த தாளை எடுத்து நீட்டினான் ஜாஸ்பர்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நேர் வரிகளைப் பெருமையாக வாசித்தாள். பதினாறு அறை வீட்டை நிர்வகித்துக் களைத்த மகன், ஓய்வுக்காக வருகிறானாம்.

"பாத்தியா, வாரிசு!" என்று தாளை மகளிடம் நீட்டினாள்.

"குறுக்கே படிக்கலையா?" என்றான் அவன், மெதுவாக.

ஹெஸ்டர் தாளைத் திருப்பினாள். வேறு கையெழுத்து...

'ஹெஸ்டர், பதினாறு அறை வீட்டை வாடகைக்கு விட்டு மூன்று வருடம் ஆகிறது. கையுறைக் கடை மாடியில் இரண்டு அறைகளில் இருக்கிறோம். காலைச் சாப்பாட்டில் அம்மா உன் நேர் வரிகளை வாசிப்பாள். பிறகு நான் தாளைத் திருப்புவேன். நீ கூரையேறி ஓட்டையை அடைத்தது, மழையில் டியூக்கைத் தோளில் தூக்கி வந்தது... இதையெல்லாம் ஒருவராவது படித்தால் நன்றாயிருக்கும் என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே. ஒருவன் படித்தான். அவனால் அங்கே இருக்க முடியவில்லை. உன்னிடம் வந்துவிட்டான்.'

எழுத்துகள் மிதந்தன. அவள் கண்ணில்தான் தண்ணீர்.

"குறுக்கே என்னடி இருக்கு?"

"மழைம்மா... அங்கேயும் கூரை ஒழுகுதாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க எங்கேயும் போக வேண்டாம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. போனீங்கன்னா டியூக்கை விட்டு முட்டச் சொல்வேன்."

சாம்பல் கண்களில் முழு வெயில்!

அம்மா ஒரு கணம்தான் திகைத்தாள். அடுத்த கணம் சால்வையைச் சரிசெய்துகொண்டாள். "பேனா எடுடி! 'நீரூற்றின் ஓரத்தில், மான்கள் சூழ, பெரும் வாரிசுக்கு நிச்சயதார்த்தம்...'"

ஹெஸ்டர் ஒரு வரி விடாமல் எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, பேனாவை ஜாஸ்பர் கையில் கொடுத்தாள்.

"குறுக்கே நீங்க எழுதுங்க."