கேட்பவர்கள்: மூன்று

மாலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, முதல் பாட்டு பாதி ஓடிக்கொண்டிருந்தபோது, கைபேசித் திரையின் அடியில் இரண்டு என்றிருந்த எண் மூன்றாக மாறியது.

அவள் கையில் அப்போது யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பற்கள் இருந்தன. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவதை வைத்து வீட்டிலேயே பல் செட் செய்து கொடுப்பது அவள் தொழில். மெழுகில் கடைவாய்ப் பல்லை நேராக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று திரையைப் பார்த்தாள். சின்னதாக ஒரு காதுப் படம், பக்கத்தில் 'கேட்பவர்கள்: 3'. அவள் ஒன்று. கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவன் இரண்டு. மூன்றாவது ஆளுக்கு இங்கே என்ன வேலை?

தினமும் இந்த நாற்பது நிமிடம் அவர்கள் இருவருக்கு மட்டுமே சொந்தம். அவளுக்குச் சாயங்காலம், அவனுக்கு மதிய இடைவேளை. பதினைந்து மாடி உயரத்திலிருந்து இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை தீர்ந்துவிடும் என்பதால் அவன் கிரேன் கூண்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுவான். கூண்டில் போன் பேசினால் வேலை போய்விடும். காதில் பாட்டு ஓடினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதனால் பாட்டுச் செயலியில் 'சேர்ந்து கேட்க' என்றிருந்த பொத்தானை அழுத்தி, ஒரே பாட்டை ஒரே நொடியில் இரண்டு பேரும் கேட்டார்கள். முதல் வருடம் அது குடித்தனம் நடத்துவது போலவே இருந்தது.

இப்போது அப்படி இல்லை. கோடிக்கணக்கான பாட்டு கையில் இருந்தும் செயலி அதே நாற்பது பாட்டையே திருப்பித் திருப்பிப் போட்டது. அவளும் தேடிப் பார்த்து அலுத்துவிட்டாள். கொஞ்ச நாளாக ஆறு இருபதுக்கெல்லாம் இரண்டு, ஒன்றாகிவிடும். அவன் போய்விடுவான். சண்டை போட்டுப் பிரிகிறவர்களுக்காவது ஒரு காரணம் இருக்கும். அலுத்துப்போய் விலகுகிறவனை என்ன சொல்லித் தடுப்பது?

கொழுந்தனுக்கு போன் போட்டாள். வீட்டில் ஸ்பீக்கர், வைஃபை எல்லாம் மாட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

"லிங்க் இல்லாம வெளியாள் யாரும் உள்ள வர முடியாது அண்ணி. உங்க வீட்டு வைஃபைல இருக்கிறவங்க மட்டும்தான் வரலாம்."

"வீட்ல நான் மட்டும்தானே இருக்கேன்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரன் பாஸ்வேர்டைக் கண்டுபிடிச்சிருப்பான். ஓசின்னா விடுவாங்களா? மாத்திடுங்க."

மாற்றினாள். மறுநாள் ஆறு ஐந்துக்கு மறுபடியும் மூன்று. அன்றைக்கு அந்த மூன்றாவது ஆள் ஒரு பாட்டையும் போட்டது.

பெயர் இல்லை. பாடியவர் பெயரும் இல்லை. படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். ஒரே ஒரு தந்தியை யாரோ மெதுவாக மீட்ட, சொல்லே இல்லாமல் ஒரு பெண்குரல் அதன்மேல் ஏறி வந்தது. ஏறும்போது அவள் நினைக்காததையெல்லாம் நினைக்க வைத்தது. கையில் மெழுகு ஆறிக் கெட்டியானது தெரியாமல் அவள் நின்றாள். இப்படி ஒரு பாட்டைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று! ஆறு இருபது ஆனது. ஆறரை ஆனது. அவன் போகவே இல்லை.

வேலை முடிந்து கீழே இறங்கியதும் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. "விசில், எங்க புடிச்ச இதை? உடம்பே சிலிர்த்துப்போச்சு."

அவளுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. 'ச' வருகிற இடமெல்லாம் மெல்லிய சீழ்க்கை ஒன்று கூடவே வரும். அந்தச் சீழ்க்கைக்கு மயங்கித்தான் கட்டிக்கொண்டேன் என்பான். அவன் விசில் என்று கூப்பிட்டு மாதக்கணக்காயிற்று. உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்களுக்காகத் தேடித் தேடிப் புடிச்சேன்," என்று வாய் கூசாமல் பேசி அனுப்பினாள்.

அதன்பிறகு தினமும் ஒரு பாட்டு வந்தது. தேடுபெட்டியில் போட்டால் எதுவும் அகப்படாது. கேட்டு முடித்ததும் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஐந்தரைக்கே முகம் கழுவி, தலைவாரி, கேட்க உட்கார்ந்துவிடுவாள். நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைத்தாள்.

ஐந்தாவது நாள் பாட்டுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. பல் செட்டைத் தேய்த்து வழவழப்பாக்கும் மோட்டார், அவளுடையதைப் போலவே நடுநடுவே இருமும் ஒரு மோட்டார். அதற்கடுத்த நாள், தண்ணீர்த்தொட்டிக் குழாய் சொட்டும் சத்தம். மூன்று சொட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. எழுந்துபோய்க் குழாயை இறுக்கினாள். பாட்டிலும் சொட்டு நின்றது.

அன்றைக்கு அவன் செய்தி: "ஏய், பாடுறதே நீதானா? உன் குரல் மாதிரியே இருக்கு. விசில் மட்டும்தான் இல்ல."

இல்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு ஆறு இருபதுக்குப் போய்விடுவான். கட்டைவிரல் பொத்தான்மேல் வெகுநேரம் நின்றது.

"ஆமா," என்றாள். "நான்தான்."

பின்னறையில் ஏதோ நகர்ந்தது.

பின்னறை முழுக்க அலமாரிகள், அலமாரி முழுக்கப் பிளாஸ்டர் அச்சுகள். எண் போட்ட நூற்றுக்கணக்கான வாய்கள். மேல்தட்டின் ஓரத்தில் எண் போடாதது ஒன்று, தொழில் கற்றபோது முதன்முதலில் எடுத்த அவளுடைய சொந்தப் பல்லின் அச்சு, இடைவெளியோடு. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அது இல்லை. இருந்த இடத்தில் தூசி படியாத வட்டம் மட்டும் இருந்தது. ஈரமாக.

மறுநாள் கேட்கக் கூடாது என்று முடிவு செய்தாள். ஆறு மணிக்கு ஸ்பீக்கரைப் பிடுங்கிப் பின்னறையில் போட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்குமேல் மனம் கேட்கவில்லை. திரையைத் திறந்து பார்த்தாள். அவன் காத்திருந்தான்.

ஆறு ஐந்து. மூன்று.

கைபேசியில் பாட்டு தொடங்கியது. இந்த முறை தந்தி இல்லை, குரல் மட்டும். காதோரம் மூச்சு விடுகிற நெருக்கத்தில் ஒரு குரல். அந்தக் குரலில், முன்பல் இரண்டுக்கும் நடுவிலிருந்து, மெல்லிய சீழ்க்கை.

'வெளியேறு' என்பதை அழுத்தினாள். அவள் கைபேசி ஊமையானது. மூன்று, இரண்டானது.

அவனும் அதுவும்.

பாட்டு நிற்கவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால், மின்சாரம் பிடுங்கிய ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது. மறுபடி உள்ளே போக முயன்றாள். 'இருவர் இருக்கிறார்கள். இடம் இல்லை' என்றது திரை. வேலை போனால் போகட்டும் என்று அவனுக்கு அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாக வந்தது.

அவன் கூண்டில் போன் பேச மாட்டான். பேசியதே இல்லை.

பாட்டு நின்றது. பின்னறையில் யாரோ சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு. கூடவே ஸ்பீக்கரில் அவன் சிரிப்பு. எத்தனை மாதமாயிற்று, அவன் அப்படிச் சிரித்து!

"சும்மா சொல்லாத விசில். இங்க வந்திருக்கியா?"

"சத்தியமாங்க." ச-வில் சீழ்க்கை. "கூண்டுக் கதவைத் திறந்து வெளிய வந்து பாருங்க."

பதினைந்து மாடி உயரம்.

ஓடிப்போய்ப் பின்னறைக் கதவைத் தள்ளினாள். இருட்டு. ஸ்பீக்கரின் பச்சைப் புள்ளி. அந்த வெளிச்சத்தில் பல் மட்டும் தெரிந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை, நடுவில் இடைவெளி. பிளாஸ்டர் வெள்ளை இல்லை. எச்சில் மின்னியது. சுற்றிலும் தட்டுகளில் இருந்த வாய்களெல்லாம் அதன் பக்கம் திரும்பியிருந்தன.

போகாதீங்க என்று கத்த வாயெடுத்தாள். வரவில்லை. அச்செடுக்கும் பசையை வாய் நிறைய வைத்தது போல நாக்குக்குமேல் எதுவோ நிரம்பி, ஆறி, இறுகிக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு ருசி. நாக்கு நுனியால் முன்பல்லைத் துழாவினாள்.

இடைவெளி இல்லை.

ஸ்பீக்கரில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. காற்று இரைந்தது.

"திறந்துட்டேன் விசில். எங்க நிக்கிற?"

பச்சை வெளிச்சத்தில் பற்கள் அவளைப் பார்த்து மெல்ல விரிந்தன.

"இன்னும் கொஞ்சம்," என்றது அவள் குரல். "சும்மா, ஒரே ஒரு அடி எடுத்து வைங்க."