ஏழாம் கட்டிலுக்கு வந்த ரத்தம்

செவிலி இஹ்ஸான் அழுதுகொண்டே ரத்த வங்கிக்குள் வந்தாள். "டாக்டரய்யா, நான் கொலைகாரியாம். போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறானாம்."

எழுதிக் கொடுக்கப் போவது ஷஹாத்தா, நைல் கரைக் கரும்பு விவசாயி. அறுவை முடிந்து ஏழாம் கட்டிலில் கிடந்த அவன் தாய்க்கு நேற்று இஹ்ஸான்தான் ரத்தம் ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம், முதுகுவலி. இன்று காலை அந்தத் தாய் இறந்துவிட்டாள்.

"குளிர்பெட்டியில யாரோ பையை மாத்திட்டாங்கய்யா!" என்றாள் உதவியாளர் ஷாதியா. அவளைப் பொறுத்தவரை புதிர் அதற்குள் விடுபட்டுவிட்டது.

ரத்த வங்கி டாக்டர் வக்தி எல்லாவற்றையும் சோதித்தார். பையில் பி வகை. ரத்தம் கேட்டு வார்டிலிருந்து வந்த மாதிரிக் குழாயிலும் பி. வேறொரு சோதனைக்காக அறுவைக்கு முன் எடுத்த, இறந்தவளின் ரத்தம் மட்டும் ஓ.

"பை சரிதான்மா. குழாய்தான் வேற ஆளோடது."

ஷாதியா குழாயை எடுத்துப் படிவத்தோடு வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே பெயர்: உம்மு ஷஹாத்தா, அதாவது ஷஹாத்தாவின் தாய். படிவம் மகன் கையெழுத்தில் இருந்தது; தாயின் சொந்தப் பெயர் எங்கும் இல்லை.

வக்தி வெளியே நின்ற ஷஹாத்தாவையும் சேர்த்து எல்லோரையும் வார்டுக்கு அழைத்துப்போய், வாசலில் நின்று கூப்பிட்டார். "உம்மு ஷஹாத்தா!"

"இங்கதான்யா," என்று எட்டாம் கட்டில் பெண் கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய பஞ்சு ஒட்டியிருந்தது.

"இவங்க மகனும் ஷஹாத்தாதான். முந்தின ஷிப்டுல இப்படித்தான் கூப்பிட்டு ரத்தம் எடுத்திருக்காங்க," என்றார் வக்தி. "இஹ்ஸான், ஏத்துறதுக்கு முன்னாடி நீ பேரு கேட்டியா?"

"கேட்டேன்யா. அம்மா அரை மயக்கத்துல இருந்தாங்க. அவங்க மகன் இவர்தான், 'பொம்பளை பேரை நாலு பேர் முன்னாடி கூவணுமா? உம்மு ஷஹாத்தான்னு எழுதியிருக்குல்ல, போதும்'னு கத்தினார். பயந்து விட்டுட்டேன்."

ஷஹாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டான். "அப்ப... நான்தானா?"

"நீ மட்டும் இல்லப்பா. கேட்டும் விட்டுட்ட இவளும், பேர் இல்லாத படிவத்தை வாங்கிக்கிட்ட நானும்தான். போலீஸ்ல எழுதுறதுன்னா எல்லாத்தையும் எழுது." வக்தி அந்தப் படிவத்தை அவன் கையில் கொடுத்தார். ஷாதியாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எட்டாம் கட்டில் பெண்ணுக்கும் ரத்தம் தேவைப்பட்டது. இஹ்ஸான் புதுப் படிவத்தோடு அவள் மகனிடம் போனாள். "அம்மா பேரு?"

அவன் சுற்றும் பார்த்துவிட்டு முணுமுணுத்தான். "உம்மு ஷஹாத்தா."

"பேரைச் சொல்லுய்யா!" சுவரோரம் நின்ற விவசாயி கத்தினான். "வெக்கப்படாத, சொல்லு! என் அம்மா பேரு ஜலீலா. ஜலீலா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் காலியாகக் கிடந்த ஏழாம் கட்டிலில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதான்.